வாடை இல்லாத வாய்

எங்க ஊர்ல ஒரு ஆம்பள எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சிக்க ஜாதகம் வேணாம், சர்ட்டிபிகேட் வேணாம். வூட்டுக்குள்ள நுழையும்போது வாய மோந்து பாத்தா போதும். எங்கம்மா முப்பது வருசமா அதத்தான் செஞ்சிக்கினு வந்தாங்க. அப்பா இருந்தவரைக்கும் அப்பா வாய. அவரு சாராயத்துலயே போய்ச் சேந்த பிறகு தம்பி வாய. அவன் எட்டாவது படிக்கும்போதே தொடங்கிட்டாங்க. ஸ்கூல் விட்டு வந்து செருப்பக் கழட்டுறதுக்குள்ள, "இப்டி வா"ன்னு தாடையப் புடிச்சி மூக்குகிட்ட இழுப்பாங்க. அவனும் பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி வாயத் தொறந்து நிப்பான். நான் பொண்ணு, எனக்கு அந்தச் சோதனை கெடையாது. என் வாயையும் யாராவது சோதிச்சிருக்கலாம்னு இப்ப தோணுது.

கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு இது வேடிக்கையா தெரியாது. மலையில இருந்து எறங்குன சாராயம் எங்க பக்கம் எத்தன தாலிய அறுத்துதுன்னு எங்களுக்குத்தான் தெரியும். கருணாபுரத்துல அந்த வருசம் விஷச் சாராயம் குடிச்சி கொத்துக்கொத்தா செத்தது நாட்டுக்கே தெரியும். எங்க வூட்ல இருந்து நாலு தெரு தள்ளித்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பந்தல், எந்தப் பந்தல்ல பாத்தாலும் ஒரு பொம்பள மயங்கிக் கெடக்குறா. எங்கம்மா வாசல்ல நின்னுக்கினு, கையில ஜெபமாலைய உருட்டிக்கினு சொன்னாங்க: "மாதாவே, எம்புள்ள வாய சுத்தமா வச்சிருக்கியே, உனக்கு கோடி நன்றி."

நான் அவங்க பின்னாடிதான் நின்னேன். அந்த வாயி வழியா இன்னா போகுதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சிக்கினு கம்முனு இருந்தேன். அதச் சொல்லத்தான் இத எழுதுறேன். படிக்கிறவங்களுக்கு எம்மேல கோவம் வந்தா வரட்டும், எனக்கே வருது.

தம்பி என்னவிட ஆறு வயசு சின்னவன். கேட்டரிங் படிச்சான். லண்டனுக்குப் போய் மேல படிக்கிறேன்னு போனவன் ஒரு ஓட்டல் சமையல்கட்டுல நாலு வருசம் வெங்காயம் உரிச்சான். தாலுக்கா ஆபீஸ் பக்கத்துல நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அவன் பாஸ்போர்ட்டு, விசா, மார்க் ஷீட்டு எல்லாம் என் கடை மிஷின்லதான் காப்பி எடுத்தது. போகும்போது குண்டுப் பையன். திரும்பி வரும்போது, சென்னை ஏர்போர்ட்டுல அம்மாவுக்கு அடையாளமே தெரியல. கன்னம் ரெண்டும் உள்ள போயி, சட்டை ஹேங்கர்ல தொங்குற மாதிரி ஒடம்புல தொங்குது. அம்மா கட்டிப் புடிச்சி அழுதாங்க. அழுதுக்கினே வாய மோந்தாங்க. "ஒண்ணும் இல்ல. சாப்பாடு சரியில்ல, அவ்ளோதான்"னு என்னப் பாத்து சொன்னாங்க.

வந்த பத்தாம் நாள் அவன் ஜீன்ஸ தொவைக்கப் போட்டேன். பாக்கெட்ல கண்ணாடிக் குழா ஒண்ணு, விரல் நீளம். ஒரு பக்கம் கருகிப் போயிருக்கு. உள்ள பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரு கொஞ்சம் திணிச்சி வச்சிருக்கு. சமையல்காரன் இல்லியா, ஏதோ அடுப்பங்கரை சாமான்னு நெனச்சேன். அத எடுத்து ஜன்னல் மேல வச்சேன். சாயங்காலம் அவன் வூட்டையே தலைகீழாப் பொரட்டிக்கினு இருந்தான். மெத்தைய தூக்குறான், அரிசி டின்னுக்குள்ள கைய விடுறான், வேர்த்துக் கொட்டுது. "இதத்தான் தேடுறியா"ன்னு எடுத்து நீட்டுனேன். வெடுக்குனு புடுங்கி பாக்கெட்ல போட்டு, மேல கைய வச்சி அமுக்கிப் புடிச்சிக்கினான்.

கதவ சாத்திட்டு கேட்டேன். மொதல்ல ஆஸ்துமாவுக்கு மருந்துன்னான். தெருவுல போறவ கிட்ட சொல்லு, என்கிட்ட சொல்லாதன்னேன். அப்புறம் சுவத்துல சாஞ்சி ஒக்காந்து சொன்னான். கொக்கைனு பவுடர கட்டியாக்கி விக்கிறாங்களாம், சூடத்த ஒடச்சா வருமே அந்த மாதிரி சின்னக் கல்லு. அதுக்கு அங்க கிராக்னு பேரு. நம்ம ஊர்ல கிராக்குன்னா அரை லூசு. எனக்கு ஒரு நிமிசம் சிரிப்பு கூட வந்துச்சு.

"எப்டி இருக்கும்டா அது?"

"பத்து நிமிசம்க்கா. அந்தப் பத்து நிமிசம் நான்தான் ராஜா. அதுக்கப்புறம் இன்னா இருக்குன்னா, சோறு புடிக்காது, தூக்கம் புடிக்காது, உன்னையே புடிக்காது. திரும்பவும் அந்தப் பத்து நிமிசம் வேணும். மொத தடவ வந்த மாதிரி ஒரு தடவ கூட வர்ல. வரும் வரும்னு நாலு வருசம் ஓடிப்போச்சி."

"விட்டு எத்தன நாளாச்சி?"

அவன் பாக்கெட்ட தொட்டுப் பாத்துக்கினு எந்திரிச்சிப் போயிட்டான். பெங்களூர்ல கெடைக்குதுன்னு பிற்பாடு தெரிஞ்சிக்கினேன். மாசத்துக்கு ரெண்டு தடவ "வேலை விசயமா" பெங்களூருக்கு பஸ் ஏறுவான். எங்க பக்கம் எங்க கேட்டாலும் கெடைக்காத சரக்கு, ஆறு மணி நேரம் போய் வாங்கினு வருவான்.

மறுநாள் கடையில கூட்டம் இல்லாத நேரமா பாத்து கம்ப்யூட்டர்ல தேடிப் படிச்சேன். முழுக்கப் படிச்சேன். மூளைய எப்படிப் புடிக்கும், இதயத்த எப்படிப் போட்டு அடிக்கும், நெஞ்சு நல்லா இருக்குற வயசுலயே நெஞ்சடைப்பு வரும், பக்கவாதம் வரும், யாரோ பின்னாடியே வர்றாங்கன்னு சந்தேகம் வரும், தோலுக்கு அடியில பூச்சி ஊருற மாதிரி இருக்கும். மனசு வச்சா மட்டும் விடமுடியாது, அது ஒரு வியாதி, டாக்டர் பாக்கணும்னும் போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னு நான் எங்கியும் சொல்லிக்க முடியாது. பிரிண்ட் கூட எடுத்து வச்சேன். அப்புறம் யாராவது பாத்துடுவாங்கன்னு கிழிச்சிப் போட்டேன். மானம் போயிடுமில்ல.

அவன டாக்டர்கிட்ட கூப்ட்டேன். "வர்றேன் வர்றேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லாத"ன்னு என் கால்ல வுழுந்தான். அம்மாவோ வேற கணக்குல இருந்தாங்க. "தனியா கெடந்து கெடந்துதான் புள்ள இளைச்சிப் போச்சி. ஒரு கால்கட்டு போட்டா தேறிடுவான்." எனக்கும் அப்படியே இருக்கட்டும்னு ஒரு ஆச. பொய்யின்னு தெரிஞ்ச பேச்ச நம்புறதுக்கு என்னவிட கெட்டிக்காரி எங்க தெருவுல கெடையாது.

பொண்ணு கச்சிராயபாளையம். மலை அடிவாரம். தெனம் காலையில பஸ் ஏறி மலை மேல ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுத்துட்டு சாயங்காலம் எறங்குறவ. அவ அப்பாவும் சாராயத்துல போனவருதான். ரெண்டு வூட்டுக்கும் பொருத்தம் பாத்தா அந்த ஒண்ணு அமோகமா பொருந்துச்சி. நக கேக்கல, வூடு கேக்கல. அவங்க வச்ச கண்டிசன் ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. அவ தாய் மாமன் எங்க வூட்டுக்கு வந்து, தம்பி பக்கத்துல நெருங்கி ஒக்காந்து, பேச்சுக் குடுக்குற சாக்குல மூக்கால வேலை பாத்துட்டுப் போனாரு. போகும்போது எங்கம்மா கையப் புடிச்சி, "தங்கமான புள்ளம்மா, பாக்கு வாடை கூட இல்ல"ன்னாரு. அம்மா மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

நிச்சயம் அவங்க வூட்ல. உள் ரூம்புல நான்தான் அவளுக்குத் தலையில பூ வச்சி விட்டேன். நாத்தனார் வைக்கணும்னு வழக்கம். ரூம்புல வேற யாரும் இல்ல. கண்ணாடியில என்னப் பாத்துக்கினே மெதுவா கேட்டா.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"அவருக்கு ஏதாவது பழக்கம் இருக்குங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. எங்கப்பாவ வச்சி அம்மா பட்டத கூடவே இருந்து பாத்தவ நானு. என்னால அது முடியாது அண்ணி. உங்கள நம்பிதான் கேக்குறேன்."

கையில சக்கரைத் தட்டு இருந்துச்சி. பொண்ணு வாயில மொத சக்கரைய நாத்தனார் போடணும், அதுவும் வழக்கம். ஒரு சிட்டிகை எடுத்து அவ வாயில போட்டேன். "என் தம்பி வாய மோந்து பாரு, அப்ப தெரியும்"னு சொன்னேன். சிரிச்சிக்கினே சொன்னேன். அவளும் வெக்கப்பட்டு சிரிச்சா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த பண்ணுன்னு சொல்லுவாங்க. நான் ஆயிரம் சொல்லல. அந்த ஒண்ணே போதுமா இருந்துச்சி.

அதோட வுட்டுருந்தா கூட பரவால்ல. மனசு மாறுறதுக்குக் கடவுள் எனக்கு மூணு வாய்ப்பு குடுத்தாரு. எங்க மதத்துல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை படிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இது நடக்கக் கூடாதுன்னு யாருக்காவது காரணம் தெரிஞ்சா சாமியார்கிட்ட வந்து சொல்லணும், சொல்றது கடமைன்னு பூசை முடியிறப்ப அறிக்கையா வாசிப்பாரு. பொண்ணு ஊர்லயும் படிப்பாங்க, மாப்பிள்ளை ஊர்லயும் படிப்பாங்க. சனங்க அத காதுல வாங்காது. எப்படா முடியும், கறிக்கடைக்குப் போகலாம்னு நிக்கும்.

மொத வாரம் நான் குனிஞ்சிக்கினு என் செருப்பையே பாத்துக்கினு இருந்தேன். சாமியார் சீக்கிரமா படிச்சிட்டாரு. அப்பாடான்னு இருந்துச்சி.

ரெண்டாவது வாரம் முடியல. முந்தின நாள்தான் தம்பி மாடியில சட்டையக் கழட்டிட்டு முழங்கைய ரத்தம் வர்ற வரைக்கும் சொறிஞ்சிக்கினு இருந்தத பாத்தேன். பூசை முடிஞ்சி சாமியார் உடுப்பு மாத்துற அறை வரைக்கும் போயிட்டேன். வாசல்லயே நின்னேன். அவரு திரும்பிப் பாத்து, "என்னம்மா, சொல்லுங்க"ன்னாரு. மூணு வார்த்த சொன்னா முடிஞ்சிருக்கும். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "எங்கப்பாவுக்கு ஒரு பூசை வைக்கணும் சாமி"ன்னேன். அவரும் நோட்டுல எழுதிக்கினாரு. செத்தவருக்கு பூசை, உயிரோட இருக்குறவளுக்கு ஒண்ணுமில்ல.

மூணாவது வாரம் தம்பியே கூட வந்தான். என் பக்கத்துல, மொத பெஞ்சுல. சாமியார் "தடை" அப்படின்னு சொன்னதும் என் கையப் புடிச்சான். அவன் கை பச்சத் தண்ணியில முக்குன மாதிரி சில்லுன்னு இருந்துச்சி. கட்டைவிரல் நுனி தீஞ்சி கருத்துப் போயிருந்துச்சி. "விட்டுட்டேன்க்கா, சத்தியமா விட்டுட்டேன்"னு காதுல சொன்னான். நான் அந்த விரலப் பாத்துக்கினேதான் தலைய ஆட்டுனேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சி. பிரியாணி நல்லா இருந்ததா எல்லாரும் சொன்னாங்க.

அவ எங்க வூட்டுக்கே குடித்தனம் வந்தா. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சி சமைச்சி வச்சிட்டு, கச்சிராயபாளையம் பஸ் புடிச்சி, அங்க எறங்கி மலை பஸ் புடிச்சி வேலைக்குப் போவா. ரெண்டு மாசம் தாங்குச்சி. அப்புறம் ஆரம்பிச்சிது. பெங்களூர் போய் வந்தான்னா மூணு நாள் தூங்க மாட்டான். சோறு வச்ச தட்டு அப்படியே காஞ்சி கெடக்கும். யாரோ பாக்குறாங்கன்னு ஜன்னல் சந்துல எல்லாம் டேப் ஒட்டுவான். சுவிட்ச் போர்டக் கழட்டி உள்ள கேமரா தேடுவான். மலை பஸ் டிரைவருகிட்ட இன்னா பேசுனன்னு அவ போன புடுங்கிப் பாப்பான். பெத்த புள்ளைங்களுக்கு சொல்ற மாதிரி பாடம் சொல்லிக் குடுத்துட்டு வர்றவள தெனம் கதவாண்ட நிக்க வச்சி விசாரிப்பான். நாலாவது நாள் பொணம் மாதிரி தூங்குவான். எந்திரிச்சா அழுவான், அவ கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினு மன்னிப்பு கேப்பான். அடுத்த வாரம் பஸ் ஏறிடுவான். இருமல் வேற. நெஞ்ச புடிச்சிக்கினு இருமுவான்.

எங்கம்மா ஒவ்வொரு தடவையும் வாய மோந்தாங்க. "ஒரு வாடையும் இல்லியே"ன்னு தலையில கை வச்சிக்கினு ஒக்காந்தாங்க. குடிக்கிற ஆம்பளையா இருந்தா சாராயத்த திட்டலாம், விக்கிறவன திட்டலாம். இவன் வாயி சுத்தம். அப்ப தப்பு யாரு மேல? பழி நேரா அவ மேல போச்சி. "கட்டிக்கினு வந்தவ சரியா இருந்தா ஆம்பள ஏன்டி இப்டி ஆவுறான்? தெனம் மலைக்கு ஏறி எறங்குனா புருசன் மொகம் எங்க ஞாபகம் வரும்?"

நான் கடைய சாத்திட்டு வூட்டுக்கு வரும்போது ரெண்டு மூணு தடவ இந்தப் பேச்சு என் காதுலயே வுழுந்துச்சி. அவ பாத்திரம் தேய்ச்சிக்கினே இருப்பா, கம்பி நார வச்சி. அந்த நாரப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஒடம்பு கூசும். "விடுங்கம்மா, அவ இன்னா பண்ணுவா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிடுவேன். பெரிய நியாயவாதி. ஒரு தடவ தம்பிய தனியா இழுத்துனு போய் அறைஞ்சேன். அவன் கன்னத்தத் தடவிக்கினு, "அறைஞ்சி விடவைக்க முடியும்னா நானே அறைஞ்சிக்கினு இருப்பேன்க்கா"ன்னான். அவன் சொன்னது நெசம்தான். அவனால முடியல. என்னால முடிஞ்சிது, நான் செய்யல. ரெண்டு பேருல யாரு ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க.

ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவளுக்கு லீவு. மூணு நாளா தூங்காம இருந்தவன் தண்ணி குடிக்க எந்திரிச்சி அப்படியே சொம்போட வுழுந்தான். வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சி. இடது கை தொங்கிப் போச்சி. முப்பத்திரண்டு வயசு. ஆட்டோவுல அம்மா மடியில அவன் தலை, அவ மடியில காலு. நான் கடையில இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. கையில ஊசி ஏத்திக்கினே கேட்டுச்சி. "குடிப்பாரா?"

"சத்தியமா இல்லம்மா"ன்னாங்க எங்கம்மா. அந்த நேரத்துலயும் ஒரு பெருமை. "நீயே வேணா வாய மோந்து பாரு கண்ணு."

"வேற ஏதாவது பழக்கம்? மாத்திரை, கஞ்சா, பவுடர்?"

"எனக்குத் தெரிஞ்சி இல்லீங்க"ன்னா அவ. அவளுக்குத் தெரிஞ்சி இல்லதான்.

டாக்டர் எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சி. "இந்த வயசுக்கு இவ்ளோ பிரஷர் சும்மா ஏறாது. ஏதாவது எடுத்திருந்தா இப்ப சொல்லிடுங்க. தெரியாம நான் வேற மருந்து போட்டா உசுருக்கே ஆபத்து. அப்புறம் என்னக் கேக்காதீங்க."

ஓலை படிக்கிறப்ப சாமியார் கேட்டதுதான் இது. இந்தத் தடவ என் தம்பி உசுரு. அதனால எனக்கு வாயி தொறந்துச்சி. அவ வாழ்க்கைக்குத் தொறக்காத வாயி.

"கொக்கைனும்மா. கல்லு மாதிரி வரும், பொகைக்கிறது. அஞ்சு வருசத்துக்கு மேல"ன்னேன்.

டாக்டர் உள்ள ஓடுச்சி. எங்கம்மா, "ஏன்டி கூடப் பொறந்தவன் மேல இப்டி அபாண்டமா சொல்ற"ன்னு என் தோள புடிச்சி உலுக்குனாங்க. அப்புறம் கீழ ஒக்காந்துட்டாங்க.

அவன் பொழச்சிக்கினான். இடது கை இன்னும் பாதிதான் வேலை செய்யுது. மனநல டாக்டர்கிட்ட மாத்திரை வாங்குறான், வாரா வாரம் பேசிட்டு வர்றான். நடுவுல ஒரு தடவ சறுக்கி பெங்களூர் பஸ் ஏறுனான், சேலத்துலயே எறங்கி எனக்குப் போன் பண்ணுனான். போய் கூட்டியாந்தேன். திருந்துவானா தெரியாது. எங்கம்மா இப்பல்லாம் யாரு வாயையும் மோக்கிறதில்ல.

அவ கச்சிராயபாளையம் போயிட்டா. மலைக்குத்தான் தெனம் ஏறி எறங்குறா. போய்ப் பாக்க எனக்கு மொகம் இல்ல.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல, டாக்டர் உள்ள போன பிறகு, அவ என் பக்கத்துல வந்து நின்னா. கத்துவான்னு நெனச்சேன், கத்தல. ஒண்ணு கேட்டா.

"எப்ப இருந்து தெரியும் அண்ணி?"

"ஓலை படிக்கிறதுக்கு முன்னாடியே."

"நிச்சயத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி"ன்னேன்.

அவ கொஞ்ச நேரம் என் கையப் பாத்துக்கினு இருந்தா. சக்கரை எடுத்துப் போட்ட கை.

"நான் உங்கள கேட்டேனே அண்ணி"ன்னா.

அப்புறம் அவ அம்மாவுக்குப் போன் பண்றதுக்கு வெளிய போனா.